அக்கா பேர்ல போட்டுடுங்க

எங்கள் கடையில் எல்லோரும் சிரித்த முகத்தோடு விற்பார்கள். விற்ற பொருளை வாங்கியவர் திரும்பக் கொண்டுவந்தால் ஒருவரும் தலை நிமிர மாட்டார்கள். அப்படி வருகிறவர்களுக்கென்று கீழ்த்தளத்தில், லிஃப்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவில், ஒரு கவுண்டர் இருக்கிறது. அதை யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதுதான் முதலாளியின் ஆசை. அங்கே பதினொரு வருஷமாக உட்கார்ந்திருப்பவர் கட்டம் அக்கா. பக்கத்துப் பில் கவுண்டரில் இருப்பவன் நான். எங்கள் இருவருக்கும் நடுவில் இடுப்பளவுக்கு ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும்தான். அவர் வாங்கிய திட்டு முழுவதையும் நானும் கேட்டிருக்கிறேன்.

கதவுக்குள் நுழையாத கட்டில், ஒரு வாரத்தில் கண்ணை மூடிய டிவி, சத்தம் தாங்காத துணி துவைக்கும் மெஷின் எல்லாம் அவரிடம்தான் வரும். பொருளை வாங்கிக்கொண்டு ரசீது கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது என்று கடை நினைத்தது. அங்கேதான் தொல்லையே தொடங்கியது. இப்போதெல்லாம் பாதிப் பேர் கையில் காசு கொடுத்து வாங்குவதில்லையே. ‘இப்போது வாங்கு, அப்புறம் கொடு’ என்று போனிலேயே தவணை போட்டுக் கொடுக்கும் சேவைகள் நாலு எங்கள் கடையில் உண்டு. பொருள் கடைக்குத் திரும்பி வந்துவிடும், தவணை மட்டும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். “கட்டில் உங்ககிட்ட இருக்கு, காசு ஏன் என்கிட்ட போகுது?” என்று தினமும் இரண்டு பேராவது அக்காவைப் பிடித்து உலுக்குவார்கள். அக்கா அவர்களை உட்காரவைத்து, அந்தச் சேவைக்குப் போன் போட்டு, முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டுக் காத்திருந்து, பேசி முடித்துக் கொடுப்பார். அப்படியே நாலு சேவைகளின் நெளிவு சுளிவுகளும் அவருக்கு அத்துப்படி ஆயின. விதிமுறைகளில் எறும்பு சைஸ் எழுத்தில் போட்டிருப்பதையும் விடாமல் படிப்பார். நான் என் கல்யாணப் பத்திரிகையைக்கூட அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

நாலுக்கும் அவர் வைத்த பெயர்கள் கடை முழுக்கப் பரவிவிட்டன. முதலாவது சம்பந்தி. பதினைந்து நாளுக்கு ஒன்று என்று நாலு தவணை, வட்டி கிடையாது, மரியாதை பலமாக இருக்கும். ஒரு நாள் தவறினால் போதும், தண்டம் போட்டு, கணக்கை முடக்கி, நாலு பேர் முன்னால் மூக்கை அறுத்துவிட்டுத்தான் ஓயும். இரண்டாவது மாமியார். உள்ளே விடுவதற்கு முன்பே சம்பளம் என்ன, வாடகை என்ன என்று துருவித் துருவிக் கேட்கும். முதல் நாளிலிருந்தே வட்டி போடும், ஆனால் சொன்ன தொகைக்கு மேல் ஒரு காசு கேட்காது. மூன்றாவது பங்காளி. நம்மைக் கேட்காமலேயே வங்கிக் கணக்கில் கைவிட்டுத் தவணையை எடுத்துக்கொள்ளும், பொருளைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் ‘பார்க்கலாம்’ என்று ஆறு வாரம் இழுக்கும். நாலாவது ஒன்றுவிட்ட சித்தப்பா. எப்போது போனாலும் எடுத்துக்கோ எடுத்துக்கோ என்று கொடுக்கும், மாதக் கடைசியில் மொத்தமாகக் கேட்கும். எத்தனை தடவை கை நீட்டினோம் என்று அப்போதுதான் நமக்கே தெரியும்.

யாராவது வந்து எதில் போடலாம் என்று கேட்டால், அக்கா பழைய பில்லைத் திருப்பி வைத்து, காதில் சொருகிய பேனாவை எடுத்து, நாலு கட்டம் போடுவார். தவறினால் தண்டம் எவ்வளவு, திருப்பினால் தவணை எப்போது நிற்கும், கணக்கிலிருந்து தானாக எடுக்குமா, கடைசியில் கையை விட்டுப் போவது எவ்வளவு. “உங்க வீட்டுக்காரருக்கு சம்பளம் ஒரே தேதியில வருதா?” என்று கேட்பார். இல்லை என்றால் பங்காளி பக்கமே போகக் கூடாது என்பார். “கட்டில் மாடிப்படி ஏறுமான்னு அளந்தீங்களா?” என்று கேட்பார். அளக்கவில்லை என்றால் முதலில் வீட்டுக்குப் போய் அளந்துவிட்டு வரச் சொல்வார். ஒன்றும் வாங்காமல் போனவர்களும் உண்டு. சூப்பர்வைசர் இதற்காக அவரை இரண்டு முறை கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். மூன்றாவது முறை கூப்பிட்டது, தன் வீட்டுக்கு உடற்பயிற்சி மெஷின் வாங்க எது நல்லது என்று கேட்பதற்கு.

எல்லோருக்கும் அவர் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. வட்டியில்லாத தவணையை முன்கூட்டிக் கட்டாதே. தேதிக்கு முதல் நாள் கட்டு, அதுவரை காசு உன் கையில் இருக்கட்டும். “அவனுக்கு முன்னாடியே குடுத்தா அவன் உனக்கு மாலையா போடப்போறான்?” என்பார். எங்கள் கீழ்த்தளத்தில் இது வேதவாக்கு மாதிரி.

மற்றவர்களுக்காக அக்கா தன் பேரில் வாங்கிய கதை, கூட்டிப் பெருக்கும் அம்மாவிடமிருந்து தொடங்கியது. அந்த அம்மாவுக்குச் சம்பளம் கையில் ரொக்கமாக வரும். அதனால் நாலு சேவையும் அவரைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டன. வீட்டில் பிரிட்ஜ் செத்துப்போய், மகனின் இன்சுலின் மருந்தை ஈரத்துணி சுற்றிய பானையில் வைத்திருந்தார். அக்கா அதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, “தம்பி, என் பேர்ல போடு” என்றார். நான் போட்டேன். அந்த அம்மா பத்து மாதமும் தவணைத் தேதிக்கு மூன்று நாள் முன்பே, நாலாக மடித்த நோட்டுகளைக் கொண்டுவந்து அக்கா கையில் வைத்தார்.

ஏணியை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதுபோல்தான் எங்களுக்கு அது இருந்தது. ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? வாட்ச்மேனுக்கு மகளின் தையல் மெஷின், சூப்பர்வைசருக்கு அந்த உடற்பயிற்சி மெஷின், மேல்தளத்து விற்பனைப் பெண்களுக்குச் சூட்கேஸ், குக்கர், செருப்பு. ஒவ்வொன்றையும் அக்கா நாளும் தேதியும் பார்த்துக் கட்டியதால் அவருடைய லிமிட் ஏறிக்கொண்டே போனது. சம்பந்தி ஒருநாள் அவர் போனுக்குத் தங்க நிறத்தில் ஒரு நட்சத்திரம் அனுப்பியது. அதை எங்களிடம் காட்டி வெட்கப்பட்டுச் சிரித்தார். கீழ்த்தளத்தில் அன்று எல்லோருக்கும் டீ.

அதிகமாக வாங்கியது அவருடைய தங்கை. தங்கையின் கணவர் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார், நல்ல சம்பளம், ரொக்கமில்லை, வங்கியில்தான் வரும். அவருக்கு எந்தச் சேவையும் இல்லை என்று சொல்லியிருக்காது. ஆனால் அவர் கொள்கைக்காரர். “என் நம்பரைக் கண்ட இடத்துல குடுக்க மாட்டேன். அக்கா பேர்ல போட்டுடுங்க” என்பார். துணி துவைக்கும் மெஷின், டிவி, ஏசி, சோபா என்று அந்த வீட்டில் ஆணியடித்த சாமான் ஆணியடிக்காத சாமான் எல்லாம் அக்கா பேரில்தான். பணம் மட்டும் மாதம் பிறந்ததும் ஒழுங்காக வந்துவிடும். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அக்காவை ஒருவரும் ஏமாற்றவில்லை. ஒரு காசு யாரும் வைத்துக்கொள்ளவில்லை. ஏமாற்றியிருந்தால் மூன்றாவது ஆளோடு நிறுத்தியிருப்பார், இன்றைக்கு நன்றாகவும் இருந்திருப்பார்.

நானும் ஒரு போன் வாங்கினேன். என் பேரில் வாங்கியிருக்கலாம்தான். போன வருஷம் ஒரு தவணையை மறந்து தொலைத்ததில் சம்பந்தி என்னை ஒதுக்கி வைத்திருந்தது.

அக்கா பதினாலு வருஷமாக வாடகைக்கு இருந்தது மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. நான் போயிருக்கிறேன். சமையலறையில் ஓட்டை விழுந்த தொட்டியைப் பிடுங்கிவிட்டுப் புதுத் தொட்டி வைத்தது அவர். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தது, குளியலறைக் கதவை மாற்றியது, பால்கனித் தரைக்குச் சொந்தக் காசில் டைல்ஸ் போட்டது எல்லாம் அவர்தான். அவர் கணவர் வேன் ஓட்டுகிறார். “வாடகை வீட்டுக்குக் கதவு மாத்துற ஒரே பொம்பளை எங்க வீட்ல இருக்கா” என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே அந்தக் கதவுக்கு அவர்தான் பெயிண்ட் அடித்தார். மகளின் பள்ளிக்கூடம் ஐந்து நிமிஷ நடை. அவளுக்குப் பள்ளி இறுதி ஆண்டு.

போன அக்டோபர் தொடக்கத்தில் வீட்டு ஓனர் வந்து, வயதாகிவிட்டது, மகளோடு போய் இருக்கப் போகிறேன், வீட்டை விற்கப் போகிறேன் என்றார். நல்ல மனிதர். பதினாலு வருஷத்தில் ஒரு மாதம்கூட வாடகை தவறாதவர் என்பதால் முதலில் அக்காவையே கேட்டார். வெளியே சொல்லும் விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தார். மூன்று மாதம் காத்திருப்பதாகவும், அதற்குமேல் முடியாது என்றும் சொன்னார்.

அக்காவிடம் முன்பணம் இருந்தது. பதினாறு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. மீதிக்கு வங்கிக் கடன் வேண்டும். கணவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, ஓட்டினால் கூலி. ஆகையால் கடன் அக்கா பேரில் மட்டும்தான் கிடைக்க வேண்டும். அதில் அவருக்குத் துளியும் பயமில்லை. “என் பேர்ல ஒரு நாள் தாமதம் காட்டட்டும் பார்ப்போம்” என்று என்னிடம் சொன்னார். நானும் ஆமாம் போட்டேன். அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் வேலை இல்லாத நேரத்தில், பில்லின் பின்பக்கத்தில் அந்தச் சமையலறைக்கு அலமாரி வரைந்துகொண்டிருந்தோம்.

வீட்டுக் காகிதங்களை ஓனரிடமிருந்து வாங்கி முடிக்கவே இரண்டு மாதம் போய்விட்டது. வங்கிக்கு நானும் துணைக்குப் போனேன். கணவருக்கு அன்று வெளியூர் ஓட்டம். கடன் பிரிவில் இருந்தது ஒரு சின்னப் பெண், மரியாதையாகப் பேசினாள். கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.

“மேடம், மூணு வருஷத்துல அம்பத்தெட்டு கடன் வாங்கியிருக்கீங்க.”

“கடனா? நான் யார்கிட்டயும் கடன் வாங்கினதில்லீங்களே.”

“இதோ பாருங்க. ஒவ்வொண்ணும் தனித்தனி கடனாத்தான் பதிவாயிருக்கு. குக்கர், செருப்புன்னு சின்னச் சின்னதா. இப்பவும் ஏழு ஓடிட்டிருக்கு.”

“அதெல்லாம் தவணைம்மா. வட்டிகூட இல்ல. ஒண்ணுலயாவது ஒரு நாள் தாமதம் இருக்கா பாருங்க.”

“இல்ல மேடம், கரெக்டா கட்டியிருக்கீங்க. ஆனா எங்க கணக்குப்படி, செருப்பு வாங்கக்கூட கடன் வாங்குற ஆளு வீட்டுக் கடனை எப்படிக் கட்டுவாங்கன்னுதான் பார்ப்பாங்க.”

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அதுல பாதிக்கு மேல எனக்கு வாங்கினது இல்லம்மா. கூட வேலை பார்க்கிறவங்களுக்கு, தங்கச்சிக்கு” என்றார்.

அந்தப் பெண் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “அதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, அது இன்னும் மோசம்” என்றாள்.

கூட்டிப் பெருக்கும் அம்மாவின் பிரிட்ஜில் தொடங்கி என் போன் வரைக்கும் அந்தத் திரையில் வரிசையாக இருந்தன. பதினொரு வருஷம் அக்கா படித்த பாடமெல்லாம் அவர் கவுண்டருக்கு வந்து சண்டை போட்டவர்கள் கற்றுக்கொடுத்தது. தவணை நிற்காதவர் வந்தார், தண்டம் விழுந்தவர் வந்தார், கணக்கில் பணம் போனவர் வந்தார். வீட்டுக் கடன் கிடைக்காமல் போனவர் எதற்காகக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வரப்போகிறார்? அந்த ஒரு சண்டையை மட்டும் அவர் காது கேட்டதே இல்லை.

அந்தப் பெண் நல்லவள். ஓடிக்கொண்டிருக்கும் ஏழு கடனையும் இருபதாம் தேதிக்குள் முடித்து, முடிந்ததற்கான கடிதங்களைக் கொண்டுவந்தால், மேனேஜரிடம் மறுபடி வைத்துப் பேசுவதாகச் சொன்னாள். உறுதி சொல்ல முடியாது, ஆனால் இதற்கு முன் இரண்டு பேருக்கு நடந்திருக்கிறது என்றாள். அன்று தேதி ஆறு. வீட்டு ஓனரின் கெடு மாதக் கடைசி.

ஏழில் ஒன்றுதான் அக்காவுடையது, மகளின் படிப்பு மேஜை. அதை அன்றே கட்டி முடித்தார். மற்ற ஆறையும் அவரே கட்டிவிடலாம் என்றால், முன்பணத்தில் கை வைக்க வேண்டும். அந்த முன்பணத்தைக் காட்டித்தான் கடனே கேட்டிருக்கிறார், அது குறைந்தால் கடனும் இல்லை. ஆகவே யார் யார் பொருளோ அவரவர் மீதியை ஒரே தடவையில் கட்ட வேண்டும். அக்கா ஒவ்வொருவரிடமாகப் போனார். கட்ட வேண்டிய தேதியை நினைவுபடுத்தப் போகும்போது கறாராகப் போகிறவர், இந்தத் தடவை கையைப் பிசைந்துகொண்டு போனார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

கூட்டிப் பெருக்கும் அம்மா மறுநாள் காலையிலேயே, பிரிட்ஜுக்குப் பிறகு வாங்கிய கட்டிலுக்கான மீதி நாலு தவணையையும் கொண்டுவந்துவிட்டார். எங்கே புரட்டினார் என்று அக்கா கேட்கவில்லை. வாட்ச்மேன் மூன்று நாள் கழித்துக் கொடுத்தார்.

சூப்பர்வைசர் சிரித்தார். “வட்டியில்லாத காசை முன்னாடியே கட்டுறவன் முட்டாள்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? அஞ்சாம் தேதிதானே என் தேதி, அன்னைக்குக் கரெக்டா வந்துடும்” என்றார்.

“இல்ல சார், எனக்கு வீடு விஷயம்…”

“ஒரு மெஷினால வீடு நின்னுடுமா? பேங்க்ல சும்மா பயமுறுத்துவாங்க.”

தங்கை, அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அக்கா போனில் எல்லாவற்றையும் விளக்கினார். வீட்டின் விலை என்ன, எவ்வளவு குறைத்திருக்கிறார், கெடு எப்போது முடிகிறது, எல்லாம். தங்கையின் கணவர் போனை வாங்கி, “காசெல்லாம் டெபாசிட்ல கிடக்குங்க அக்கா, இப்ப எடுத்தா வட்டி போயிடும்” என்றார். ஏசி ஒன்று, சோபா ஒன்று. அவருடையது இரண்டு.

இனி என் கதை. எனக்கு மீதி மூன்று தவணை. என் கையில் பணம் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை, அக்காவிடம் மட்டும் மறைத்தேன். அந்த மாதம் மனைவியோடு நாலு நாள் வெளியூர் போக அறை பார்த்து வைத்திருந்தேன். மூன்று தவணையை மொத்தமாகக் கொடுத்தால் அது போய்விடும். “இருபதுக்குள்ள பார்த்துடலாம் அக்கா” என்றேன். தங்கை வீட்டுக்காரர் கட்டாதபோது என் ஒருவன் கட்டி என்ன ஆகப்போகிறது என்று மனசுக்குள் ஒரு சப்பைக்கட்டு. சூப்பர்வைசரும் இதையேதான் நினைத்திருப்பார். அக்கா என்னிடம் இரண்டாவது தடவை கேட்கவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, தினமும் போனை எடுத்து எத்தனை ஓடுகிறது என்று பார்ப்பார், வைப்பார். நான் குனிந்து பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

இருபதாம் தேதி நாலு ஓடிக்கொண்டிருந்தன. நான் இருபத்துமூன்றாம் தேதி கட்டினேன். வெளியூர் போய் வந்துவிட்டு, மனசு குத்தியதால் சூப்பர்வைசரிடம் கைமாற்று வாங்கிக் கட்டினேன். அவரிடமும் காசு இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா ரசீதை வாங்கிப் பார்த்து, “சரி தம்பி” என்றார். வங்கிப் பெண் அதற்கு முந்தின நாளே போன் செய்து, மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆறு மாதம் எதுவும் வாங்காமல் இருந்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். ஆறு மாதத்துக்கு வீட்டை யார் நிறுத்தி வைப்பார்கள்? அன்று சாப்பாட்டு நேரத்தில் அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், “நான் யாருக்கு என்ன பண்ணேன் தம்பி?” என்று கேட்டார். அழவில்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது. நான் தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

அடுத்த வாரம் தங்கை போன் செய்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். “அக்கா, வீடு வெளியாளுக்குப் போகல. இவரே பேசி முடிச்சிட்டார். நீங்க எங்கயும் போக வேணாம், அப்படியே இருங்க.”

தங்கையின் கணவருக்கு ஒன்பதே நாளில் கடன் கிடைத்தது. அவர் பேரில் ஒரு கரும்புள்ளிகூட இல்லை என்று வங்கியில் பாராட்டினார்களாம். எப்படி இருக்கும்? அவர் சோபா அக்கா பேரில், அவர் டிவி அக்கா பேரில், அவர் துணியைத் துவைக்கும் மெஷின் அக்கா பேரில். அவர் பேரை அக்கா மூன்று வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். ஏசிக்கும் சோபாவுக்கும் பணம் தராதபோதே அந்த மனிதர் வீட்டின் மேல் கண் வைத்துவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அது எனக்குத் தெரியாது. அப்படிச் சொன்னால் எனக்கு வசதியாக இருக்கும், அவ்வளவுதான். பழி முழுக்க அவர் தலையில் போய்விடும், நான் நாலு நாள் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார் நினைவுக்கும் வராது.

வாடகையை அவர் உயர்த்தினார். கொஞ்சம்தான். கடன் தவணைக்கு ஈடாக வேண்டும் அல்லவா என்று தங்கை விளக்கினாள். அக்கா கவுண்டரில் மாற்றம் எதுவும் இல்லை. கட்டில் வந்தது, டிவி வந்தது, திட்டு வந்தது. யாராவது வந்து எதில் போடலாம் என்று கேட்டால் கட்டம் போட்டு விளக்குவார். விற்பனைப் பெண் ஒருத்தி அவர் பேரில் ஒரு இஸ்திரிப்பெட்டி கேட்டபோது மட்டும், முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். அவள் எங்களிடம் வந்து, அக்காவுக்குத் திமிர் வந்துவிட்டது என்றாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. இன்னும் நாலரை மாதம் இப்படியே இருந்தால் இந்த வீடு இல்லாவிட்டாலும் வேறு ஒரு வீட்டுக்குப் போய்க் கேட்கலாம். அக்காவும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். ஊருக்கு வெளியே ஒரு வீட்டைப் பார்த்துவிட்டும் வந்திருந்தார்.

போன சனிக்கிழமை மத்தியானம் தங்கையும் கணவரும் கடைக்கு வந்தார்கள். குளியலறைக்குத் தண்ணீர் சூடுபடுத்தும் ஹீட்டர். அக்கா வாங்கி மாட்டியிருந்த பழைய ஹீட்டர் ஆபத்து, வீடு தன் பொறுப்பு ஆகிவிட்டது, நாளைக்கு ஒன்று என்றால் தன்னைத்தான் கேட்பார்கள் என்று தங்கையின் கணவர் விளக்கினார். நல்ல கம்பெனியாகப் பார்த்து எடுத்து, என் மேஜைமேல் வைத்தார்.

“பில் போடுங்க. அக்கா பேர்லயே போட்டுடுங்க.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கையில் யாரோ திருப்பிக் கொடுத்த மிக்ஸி இருந்தது.

“மாப்ளே, நான் இப்ப எதுவும் வாங்கக் கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்க” என்றார்.

“அதான் வீடு முடிஞ்சு போச்சே அக்கா. இனி எதுக்கு பேங்க்? நம்ம வீட்லயேதானே இருக்கப்போறீங்க. பத்து மாசத் தவணை, மாசாமாசம் வாடகையில கழிச்சுக்குங்க. ஒரு காசு உங்க கையை விட்டுப் போகாது.”

தங்கை தடுப்பின் மேல் சாய்ந்துகொண்டு, “சுடுதண்ணி உனக்குத்தானக்கா” என்றாள்.

நான், “சார், சர்வர் வேலை செய்யல, திங்கக்கிழமை வாங்க” என்றேன். இத்தனை நாளில் அக்காவுக்காக நான் செய்த ஒரே காரியம் அந்தப் பொய்தான். அதுவும் காசு செலவில்லாத காரியம்.

அக்கா மிக்ஸியைக் கீழே வைத்தார். தங்கையைப் பார்த்தார், அவள் கணவரைப் பார்த்தார். மகளுக்கு அடுத்த மாதம் பரீட்சை. அந்த நேரத்தில் வீட்டைக் காலி பண்ணு என்று ஒரு வார்த்தை வந்தால் எங்கே போவது என்று அவர் கணக்குப் போட்டது எனக்குத் தெரிந்தது.

“பொய் சொல்லாத தம்பி. போடு” என்றார்.

அவர் நம்பர் எனக்கு மனப்பாடம். போட்டேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் போன் சத்தம் கொடுத்தது. வந்த ஓடிபியை ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி, எனக்குக் கேட்கிற குரலில் வாசித்தார். ஆறு எண்ணையும் நான் தட்டினேன். பில் வந்தது. கூடவே, வீட்டுக்கு வந்து மாட்டிக் கொடுப்பதற்கான படிவமும் வந்தது. சுவரில் துளை போட வேண்டும் என்பதால் அதில் இரண்டு கையெழுத்துகள் வேண்டும். மேலே வாங்கியவர், கீழே வீட்டு உரிமையாளர். அக்கா காதிலிருந்த பேனாவை எடுத்து மேல் கோட்டில் கையெழுத்துப் போட்டார். படிவத்தைத் திருப்பித் தங்கையின் கணவர் பக்கம் நகர்த்தி, பேனாவையும் அதன் மேல் வைத்தார்.

“இங்க நீங்க போடணும் மாப்ளே.”